வரிசையில் ஓர் இடது கால்

ஃபிர்மினோவின் இடது காலுக்கு அந்த வருஷம் ஈஸ்டருக்குப் பிறகு தனி மரியாதை ஏற்பட்டது. அதுவரை அது சாதாரணக் கால்தான். கூப்பிட்ட இடத்துக்கு வரும், போகச் சொன்னால் போகும். ஈஸ்டருக்கு மறுநாள் காலை அவன் கட்டிலை விட்டு இறங்கியபோது, தொடையும் அடிவயிறும் மடியும் இடத்தில் யாரோ துருப்பிடித்த சாவியை நுழைத்துத் திருப்பியது போல ஒரு வலி வந்தது. வந்தது போகவில்லை.

சமதரையில் நடந்தால் வலி பெரிதாகத் தெரியாது. ஆற்றங்கரை வரைக்கும்கூட நடந்துவிட்டு வருவான். தூக்கினால்தான் வினை. மனிதன் ஒரு நாளைக்கு எத்தனை முறை காலைத் தூக்குகிறான் என்பது அறுபத்து மூன்று வயதில்தான் ஃபிர்மினோவுக்குத் தெரிந்தது. காற்சட்டைக்குத் தூக்கவேண்டும், காலுறைக்குத் தூக்கவேண்டும், வாசற்படிக்கு, பேருந்துக்கு, நாயைத் தாண்டுவதற்கு. அவனிடம் நாய் இல்லாதது ஒரு சௌகரியம்.

அவன் காலோடு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தான். காற்சட்டையைத் தரையில் விரித்துப்போட்டு, பாம்பு புற்றுக்குள் போவதுபோல உட்கார்ந்தபடியே உள்ளே போவான். காலுறையை அடுப்பு இடுக்கியால் பிடித்து மாட்டுவான். வீட்டு வாசலில் ஏழு கற்படிகள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில் என்பதைத் தானே கண்டுபிடித்தான். அப்படியும் வராவிட்டால், காற்சட்டைத் துணியை முழங்காலுக்கு மேல் கொத்தாகப் பிடித்து, பூனைக்குட்டியைப் பிடரியில் தூக்குவதுபோலத் தூக்கி அடுத்த படியில் வைப்பான். ஜூன் மாதத்தில் ஒருநாள், கீழ்ப்படியில் வைத்துவிட்டு வந்த பால் குவளையை மறந்துபோய்த் திரும்ப இறங்கி எடுத்துக்கொண்டு ஏழாவது படியை எட்டியபோது பால் தயிராகியிருந்தது. அவன் அதை வீணாக்கவில்லை. சோளரொட்டிக்குத் தொட்டுக்கொண்டான்.

பேசுவதற்கு வீட்டில் வேறு யாரும் இல்லாததால் காலோடு பேசினான். மரியாதையாகவே பேசினான்.

"என்ன துரை, இறங்கலாமா? அவசரமில்ல. நீங்க சொல்றப்ப இறங்கலாம்."

மனைவி லெயோனோர் இறந்து ஒன்பது வருஷம். மகள் ஃபிலோமெனா லக்ஸம்பர்கில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத் தொலைபேசியில் வருவாள்.

"அப்பா, உடம்பு எப்படி இருக்கு?"

"மூணு பாகம் நல்லாருக்கு."

"நாலாவது பாகம்?"

"அவரு இன்னும் எழுந்திரிக்கல."

மகள் சிரித்துவிட்டுப் பேத்தியின் பல் விழுந்த கதைக்குப் போய்விடுவாள். அவனும் வலியைப் பற்றி மேலே சொல்லவில்லை. லக்ஸம்பர்கிலிருந்து யாரும் வந்து ஒரு காலைத் தூக்கிவிட முடியாது.

ஆகஸ்டில் நகரத்துச் சுகாதார நிலையத்துக்குப் போனான். அங்கே இருந்த டாக்டர் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஐயா, இடுப்பு மூட்டுல இருக்கற மெத்தை தேஞ்சு போச்சு. எலும்போட எலும்பு உரசுது. மூட்டையே மாத்தணும். பேரெழுதி வெக்கறேன், பதினொரு மாசம் ஆகும் கூப்பிட."

"அது வரைக்கும்?"

"மாத்திரை சாப்பிடுங்க. காலை ரொம்ப மேல தூக்காதீங்க. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"காலைத் தூக்கற வேலை."

அவன் கேலி பண்ணுவதாக அவள் நினைத்துக்கொண்டாள். அவன் உண்மையைத்தான் சொன்னான். அவன் ஊரான ஃபொன்டால்வாவில் செப்டம்பர் வந்தால் தோட்டத்துக் கல்தொட்டியில் ஒயினுக்காகத் திராட்சை மிதிக்கவேண்டும். அவன் பதினாறு வயதிலிருந்து மிதிக்கிறான்.

தொட்டியின் சுவர் நெஞ்சளவு உயரம். உள்ளே தொடை வரைக்கும் பழக்கூழ். ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பேர் ஒரே வரிசையில், ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டுப் பின்னிக்கொண்டு நிற்பார்கள். மேஸ்திரி குறுக்குப் பலகையில் நின்றுகொண்டு, "இடது! வலது!" என்று கூப்பிடுவான். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் முழங்கால் கூழுக்கு மேலே வந்தாக வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேஸ்திரியைத் தவிர யாரும் வாய் திறக்கக் கூடாது. பேசினால் கால் தப்பும். முழங்கால் வெளியே வராத ஆளை மறுநாள் பழம் பொறுக்கும் மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் மேஸ்திரி "விடுதலை!" என்று கத்துவான். அக்கார்டியன் வாசிக்கிறவன் சுவரில் ஏறி உட்காருவான். வரிசை உடைந்து, தொட்டிக்குள்ளேயே ஆட்டமும் பேச்சும் நடக்கும்.

அவன் தாத்தா காலத்தில் ஒருத்தர் வரிசையில் நின்றபடியே தூங்கிப்போய், மூன்று மாலைகள் தூக்கத்திலேயே மிதித்ததாகச் சொல்வார்கள். இருபக்கத்து ஆட்களும் அவரைத் தூக்கித் தூக்கி வைத்தார்களாம். அந்த வருஷத்து ஒயினைக் குடித்த பாதிரியார் பூசை நடுவில் இரண்டு முறை கொட்டாவி விட்டது கோயில் பதிவேட்டிலேயே இருக்கிறது.

ஃபிர்மினோவுக்குக் கூலி ஒரு பொருட்டில்லை. பழம் பொறுக்கும் மேசையிலும் அதே கூலிதான். வருஷத்தில் ஐம்பது வாரம் அவனை யாரும் தொடுவதில்லை. முடிவெட்டுகிறவன் மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தலையைத் தொடுவான், அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ப்பதற்கு. மிதிப்பு நடக்கும் பத்து மாலைகளில்தான் இரண்டு பக்கமும் இரண்டு கைகள் அவன் முதுகில் வந்து விழும். அந்தப் பத்து மாலைகளை அவன் விடுவதாக இல்லை. டாக்டர் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். பன்றித்தொடையை உத்தரத்தில் தொங்கவிடும் கயிற்றில் புதிதாக நாலு முழம் வாங்கிவந்தான். ஒரு நுனியை இடது முழங்காலுக்கு மேலே கட்டினான். மறு நுனியைச் சட்டைக்குள்ளேயே மேலே கொண்டுபோய், வலது தோளைத் தாண்டி, சட்டைக்கை வழியாக உள்ளங்கைக்குக் கொண்டுவந்தான். பக்கத்து ஆளின் தோள்மேல் போட்ட கையை நான்கு விரற்கடை முன்னால் தள்ளினால் கயிறு இறுகும், கால் மேலே வரும். வீட்டில் கதவு நிலையைத் தோளாக வைத்துப் பழகினான். மூன்றாம் நாள் கதவு கழன்று விழுந்தது. வித்தை பலித்துவிட்டதென்று முடிவு செய்தான்.

முதல் மாலை மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய், தொட்டிச் சுவர்மேல் வயிற்றை வைத்துக் கோதுமை மூட்டை போல உள்ளே உருண்டான். எல்லோரும் வந்தபோது அவன் கூழுக்கு நடுவே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை முடிந்து எல்லோரும் போன பிறகே வெளியே வந்தான். ஃபிர்மினோ இந்த வருஷம் தொட்டிக்குள்ளேயே ஜெபம் பண்ணுகிறான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

வரிசையில் அவனுக்கு இடது பக்கம் அல்பானோ. ஆள் வைக்கோற்போர் மாதிரி, பேச்சு கிடையாது. வலது பக்கம் சுல்மிரா. ஊர் ரொட்டி அடுப்பு அவள் பொறுப்பு. அவள் புருஷன் இரண்டு வருஷ வேலைக்கென்று பிரான்சுக்குப் போய் முப்பத்தோரு வருஷம் ஆகிறது. வேலை இன்னும் முடியவில்லை போலிருக்கிறது.

கயிறு நன்றாகவே வேலை செய்தது. வலி இருந்தது, ஆனால் முழங்கால் வெளியே வந்தது. மேஸ்திரி அபிலியோ தடியால் சுட்டிக்காட்டவில்லை. அல்பானோவின் கை முதுகில் பாரமாகக் கிடந்தது. சுல்மிராவின் கையில் ரொட்டிமாவு வாசனை அடித்தது. இரண்டாம் மாலை அவள் காதில் தோடு போட்டுக்கொண்டு வந்தாள். திராட்சை மிதிக்க யாரும் தோடு போட்டுக்கொண்டு வருவதில்லை. ஃபிர்மினோ அதைப் பார்த்தான், பார்த்ததோடு சரி.

மூன்றாம் மாலை, விடுதலை கூப்பிட்டு அக்கார்டியன் கிளம்பியதும், சுல்மிரா அவனைத் தொட்டி மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"மூணு நாளா என் தோளை அமுக்கறே."

"நானா?"

"இல்ல, உங்க தாத்தா. 'இடது'ன்னா ஒரு அமுக்கு, 'வலது'ன்னா ஒண்ணுமில்ல. நான் என்ன கோயில் மணியா, நேரம் பாத்து அடிக்க?"

"சுல்மிரா, அது வந்து..."

"வந்து என்ன? இந்த வயசுல வாயத் தொறந்து சொல்ல வெக்கமா? நான் ஒண்ணும் கடிச்சிட மாட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லுவேன். அப்புறம் யோசிப்பேன். அவ்வளவுதான்."

அவள் முகம் வெயிலில் வெந்த செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. ஃபிர்மினோ தோட்டைப் பார்த்தான். இந்த முறை பார்த்ததோடு நிற்கவில்லை. ஆமாம் என்று பொய் சொன்னால் வரிசையில் இடமும் நிலைக்கும், அவளும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவாள். ஆனால் இத்தனை கிட்டத்தில் நின்று பொய் சொல்ல வரவில்லை.

"அது கயிறு," என்றான்.

"எது?"

அவன் சட்டைக்கைக்குள்ளிருந்து நுனியை எடுத்துக் காட்டினான். சுல்மிரா அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கூழுக்குள்ளிருந்து அவன் முழங்கால் தவளை போல எகிறியது. மறுபடி இழுத்தாள். மறுபடி எகிறியது.

"பன்னித்தொடை கட்டற கயிறுதானே இது?"

"புதுசு. இன்னும் பன்னியப் பாக்காதது."

அவள் சிரித்தாள். சிரிக்கவேண்டிய அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள். பிறகு இரண்டு தோட்டையும் கழற்றி சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"விழுந்தா கூழோட போயிடும்," என்றாள். "எப்பலேர்ந்து வலி?"

"ஈஸ்டர்லேர்ந்து."

"யாருக்குத் தெரியும்?"

"டாக்டருக்கு. காலுக்கு. இப்ப உனக்கு."

"அபிலியோவுக்குத் தெரிஞ்சா உன்னை மேசைக்கு அனுப்பிடுவான்."

"சொல்லப் போறியா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? நாளைக்கு அந்த நுனிய எங்கிட்ட குடுத்துடு. நீ தள்ளற தள்ளுல என் தோளு கழண்டு ஆத்துல போயிடும்."

மறுநாள் கயிற்றைக் கழுத்துப் பட்டைக்குப் பின்னால் வெளியே எடுத்து அவள் கையில் கொடுத்தான். அவன் முதுகுக்குப் பின்னால் வரும் தன் இடது கையின் விரல்களில் அவள் அதைச் சுற்றிக்கொண்டாள். அபிலியோ "இடது!" என்றதும் இழுத்தாள். ஃபிர்மினோ ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. தன் கால் தன்னைக் கேட்காமல் மேலே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கெட்டிக்காரி. வலி கிளம்பும் புள்ளிக்கு ஒரு மயிரிழை கீழே நிறுத்திவிடுவாள். அந்தப் புள்ளி எங்கே இருக்கிறதென்று அவன் சொல்லவில்லை. சொல்ல அனுமதியும் இல்லை. இரண்டாம் நாள் அவளுக்கே தெரிந்துவிட்டது.

ஐந்தாம் மாலை அவன் முழங்கால் வரிசையிலேயே உயரமாக வந்தது. தெறித்த சாறு எதிர்ச் சுவரில் தொங்கிய புனிதரின் படம் வரைக்கும் போனது. புனிதர் அதை நக்கிக்கொண்டதாக அல்பானோ பிற்பாடு சத்தியம் செய்தான். அல்பானோ வருஷத்துக்கு இரண்டு வாக்கியம்தான் பேசுவான் என்பதால் அதை யாரும் சந்தேகிக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் ஃபிர்மினோ காலோடு பேசுவது குறைந்தது. ஏழு படிகளை உட்கார்ந்து உட்கார்ந்து பின்பக்கமாக ஏறினான், வலியில் பல்லைக் கடித்தான். ஆனால் ஏறும்போது நாளை மாலையைப் பற்றி யோசித்தான். இருபது படியிருந்தாலும் ஏறியிருப்பான்.

ஏழாம் மாலைதான் அது நடந்தது.

"சுல்மிரா! முட்டி!" என்று அபிலியோ கத்தினான்.

அவளுக்கும் அறுபது வயது. விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டுகிறவள். தன் கால் இரண்டு, அவன் கால் ஒன்று என்று நான்கு மாலைகளாக மூன்று காலுக்கு மிதித்துக்கொண்டிருந்தாள். அவள் முழங்கால் கூழுக்குள்ளேயே புரண்டது.

"சுல்மிரா! மறுபடியும் முட்டி!"

அவள் மூச்சு வாங்குவது அவன் விலாவில் தெரிந்தது. விதிப்படி அவள் பதில் சொல்லவில்லை. அபிலியோ பலகையில் நான்கு அடி நடந்து அவளுக்கு நேரே வந்து நின்றான்.

"சரி, விடு. நாளைலேர்ந்து மேசைக்குப் போயிடு. உக்காந்து பழம் பொறுக்கு. கஷ்டப்பட வேணாம். இடது!"

'இடது' என்றதும் சுல்மிரா கயிற்றை இழுத்தாள்.

மேசைக்குப் போ என்று சொல்லிவிட்டான். அதற்குப் பிறகும் இழுத்தாள், மயிரிழை தப்பாமல். ஃபிர்மினோவின் கால் மேலே வந்தது. அவனால் அதை மறுபடி கீழே வைக்க முடியவில்லை.

"அபிலியோ," என்றான் சத்தமாக. "அது அவ முட்டி இல்ல. என்னோடது."

வரிசை நின்றது. வேலை நடுவே அந்த வரிசை அதற்கு முன் நின்றது ஒரே ஒருமுறை, ராஜா நாட்டை விட்டு ஓடிவிட்டார் என்று செய்தி வந்தபோது என்பார்கள். அப்போதுகூட இரண்டு அடி மிதித்துவிட்டுத்தான் நின்றார்களாம்.

"என்ன உளர்றே?"

ஃபிர்மினோ தலையைக் குனிந்து கழுத்துக்குப் பின்னால் போகும் கயிற்றைக் காட்டினான். அபிலியோ பலகையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கயிற்றின் போக்கைக் கண்ணால் தொடர்ந்தான். கோடியில் யாரோ ஒருவன் சிரிக்க ஆரம்பித்து, துணைக்கு யாரும் வராததால் நிறுத்திக்கொண்டான்.

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன்."

"என்ன சொன்னாரு?"

"தூக்காதேன்னாங்க."

"எப்போ?"

"ஆகஸ்ட்ல."

"இது என்ன மாசம்?"

"செப்டம்பர்."

"யோவ், மனுஷா! கூழு புளிச்சுப் பொங்கிக்கிட்டிருக்கு. நீ கால் மடங்கி உள்ள விழுந்தா, அதுலேர்ந்து கிளம்பற விஷக் காத்தே போதும், உன்னத் தூக்கி நிறுத்தறதுக்குள்ள போய்ச் சேந்துடுவே. உம் மகளுக்கு நானா ஃபோன் பண்றது?" அபிலியோ தடியைப் பலகையில் வைத்தான். அவன் கெட்டவன் இல்லை. "அல்பானோ, இவரை வெளிய எடு."

அல்பானோ அவனை அக்குளில் கைகொடுத்துக் கோழியைப்போலத் தூக்கிப் பக்கச் சுவர்மேல் உட்கார வைத்தான். கயிற்று நுனி சுல்மிராவின் விரல்களிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. அல்பானோ திரும்பிப் போய் வலது கையை நீட்டினான். சுல்மிரா இடது கையை நீட்டினாள். நடுவிலிருந்த இடத்தை மூட ஆளுக்கு அரை அடி போதுமாயிருந்தது.

"சுல்மிரா, நீ வரிசையிலேயே இரு," என்றான் அபிலியோ. ஏழு நாள் கத்தியதில் அவன் தொண்டை சல்லடையாகியிருந்தது. "ஃபிர்மினோ அண்ணே, சும்மா உக்காந்திருக்கறதுக்கு நீங்க கூப்பிடுங்க. குரலுக்கு மூட்டு கிடையாதே."

ஃபிர்மினோ கூப்பிட்டான். "இடது. வலது. இடது." பதினொரு முழங்கால்கள் ஒரே வீச்சில் எழுந்தன, விழுந்தன. வரிசைக்குள் நிற்கிறவனுக்கு எதிர்ச்சுவர் மட்டும்தான் தெரியும். நாற்பத்தேழு வருஷம் கழித்து இப்போதுதான் அவர்கள் முகங்களைப் பார்த்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் எதிர்ச்சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுல்மிராவின் முழங்கால் இப்போது ஒழுங்காக வெளியே வந்தது.

விடுதலை கூப்பிட்டதும் அவள் சுவரோரம் வந்தாள்.

"உன்ன யாரு வாயத் தொறக்கச் சொன்னது?"

"உன்ன மேசைக்கு அனுப்பப் பாத்தான்."

"போயிருப்பேன். அதனால?"

"உன் இடம் போயிடுமே."

"எனக்கு எதுக்கய்யா அந்த இடம்? விடிஞ்சா அடுப்பு, பொழுது சாஞ்சா மிதிப்பு, எலும்பெல்லாம் கழண்டு கெடக்கு." அவள் கையில் சிவந்திருந்த கயிற்றுத் தடத்தைத் தேய்த்துக்கொண்டாள். "அந்த மேசையில ரெண்டு பக்கமும் பலகை போட்டிருக்கு. நானும் போயிருப்பேன், மறுநாள் நீயும் வந்திருப்பே. கயிறு இல்லாம ஒருத்தன் பக்கத்துல உக்காந்திருக்கலாம். உனக்கு அது தோணவே இல்லையா?"

அவனுக்குத் தோணவே இல்லை. ஈஸ்டரிலிருந்து அவன் யோசித்ததெல்லாம் காலைத் தூக்குவது பற்றி மட்டும்தான்.

"நாளைக்கு அபிலியோகிட்ட கேட்டுப் பாக்கறேன்," என்றான்.

"என்னன்னு? இப்பத்தான் என்னை வரிசையில வெச்சான். உன்னை மேல ஏத்தினான். எல்லாரும் பாத்தாச்சு." அவள் முழங்கையில் ஒட்டியிருந்த திராட்சைத் தோலைத் தட்டிவிட்டாள். "நல்லாத்தான் கூப்பிடறே. அவன் கூப்பிட்டா மாட்ட ஓட்டற மாதிரி இருக்கும்."

அக்கார்டியன்காரன் புதுப் பாட்டு ஒன்றை ஆரம்பித்தான். யாரோ அவளைக் கைபிடித்து இழுத்தார்கள். அவள் போனாள்.

மறுநாள் மாலை, தொட்டிக்குப் போகுமுன் எல்லோரும் முற்றத்துக் குழாயடியில் வரிசையாக நின்று கால் கழுவினார்கள். சுல்மிரா ஒரு காலைத் தூக்கிக் குழாய்க்கடியில் நீட்டித் தேய்த்தாள், மற்ற காலையும் தூக்கித் தேய்த்தாள், போனாள். அல்பானோ கழுவினான். அவனுக்குப் பின்னால், பழக்கதோஷத்தில், ஃபிர்மினோ காலணியோடு நின்றுகொண்டிருந்தான்.

"நீங்க எதுக்குண்ணே இதுல நிக்கறீங்க?" என்றான் அபிலியோ.

"தண்ணி குடிக்க," என்றான் ஃபிர்மினோ. குனிந்து, இரண்டு கையாலும் ஏந்தி, தாகமில்லாமல் நிறையக் குடித்தான்.